பால்மரத் தோட்டத்திலிருந்து தவணைக் காருக்கு: பேராக் தமிழரிடையே வாகனம் வாங்கிய வரலாறு

பேராக் மாநிலத் தமிழ்க் குடும்பங்களில் புதிய கார் வாங்குவது, வாங்குபவர் ஒருவருடைய விருப்பத்தோடு முடிந்துவிடும் காரியமாக இருந்ததில்லை. தாய்மாமனோ மூத்த மைத்துனரோ லாரி ஓட்டிப் பழகிய சித்தப்பாவோ உடன் சென்று பார்த்து, கதவைத் திறந்து மூடி, விலையைக் கேட்டு, தமக்குத் தெரிந்த பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத் தலையசைத்த பிறகே முன்பணம் கட்டப்பட்டது. இதை உறவுப் பாசம் என்று மட்டும் விளக்குவது போதாது. தவணைக்கு ஜாமீன் நின்றவர், முன்பணத்தில் ஒரு பங்கைக் கடனாகத் தந்தவர், வண்டி வழியில் நின்றால் கயிறு கட்டி இழுத்து வந்தவர் ஆகிய எல்லோரும் உறவினராகவே இருந்த சமூகத்தில், எந்தக் காரை வாங்குவது என்ற முடிவு பலருடைய பணத்தையும் பெயரையும் ஒருங்கே பணயம் வைப்பதாக இருந்தது. அந்தப் பணயம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியத் தோட்ட வாழ்க்கையையும் அது கலைந்த விதத்தையும் பார்க்க வேண்டும். ஏனெனில் பேராக் தமிழரில் பெரும்பாலோர் வீட்டுக்குக் கார் வந்ததற்கு வசதி பெருகியதைவிடக் குடியிருந்த இடம் போனதே பெரிய காரணம்.

பிரேசிலிலிருந்து லண்டன், இலங்கை, சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஆங்கில ரெசிடெண்டான ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டபோது, அவற்றின் பாலுக்குப் பெரிய சந்தை ஏதும் இருக்கவில்லை. அந்தச் சந்தையை உண்டாக்கியது மோட்டார் வாகனம். 1908இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வெளிவந்து, அமெரிக்காவில் கார் பெருகத் தொடங்கியதும் டயருக்கான ரப்பரின் விலை ஏறி, 1910இல் உச்சத்தைத் தொட்டது. காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் ஆயின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள் திரட்டவும் மேய்க்கவும் தோட்ட நிர்வாகம் அனுப்பிய தமிழ் மேற்பார்வையாளர்கள், குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வந்தார்கள். டயர் நிறுவனமான டன்லப்பே மலாயாவில் பெருந்தோட்டங்களை வாங்கிக்கொண்டது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி பிரிட்டிஷ் ஆட்சி ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்த முயன்றதும், அதற்கு அஞ்சிய ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் ஃபோர்ட்லாந்தியா என்ற சொந்தத் தோட்டத்தையே தொடங்கித் தோற்றுப்போனதும், கார்த் தொழில் எந்த அளவுக்கு மலாயாவின் பால்மரத்தை நம்பியிருந்தது என்பதைக் காட்டும். ஆனால் விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் காலை அணிவகுப்பில், நின்றுவிட்டுப் பால் எடுக்க மரம் வெட்டப் போன தொழிலாளிக்கு, அந்த ரப்பர் டயராக மாறி ஓடிய காரைச் சொந்தமாக வாங்கும் வாய்ப்பு அவர் வாழ்நாளில் அநேகமாக வரவில்லை.

தோட்டத்துக்குள் வாகனம் பதவியை ஒட்டியே அமைந்தது. தோட்ட மேலாளரான துரையின் பங்களா முன் கார் நின்றது, கணக்குப் பார்த்த பெரிய கிராணியிடம் மோட்டார் சைக்கிளோ, பின்னாளில் பழைய ஆஸ்டினோ மோரிஸோ இருந்தது, வேலையை மேற்பார்த்த மண்டோரிடம் சைக்கிள். லயத்து வீடுகளில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளில், வசித்தவர்களுக்குத் தோட்டத்து லாரிதான் எல்லாமும்: பாலை ஸ்டோருக்கு ஏற்றிச் சென்றதும், பிள்ளை பெறப்போகும் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதும், திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றதும் அதுவே. தெலுக் இந்தானை அடுத்த ஜெண்டராட்டாவில் டேனியர் தொடங்கிய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் தோட்டத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது என்பது விதிவிலக்கு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், துரைகளின் கார்களுக்கு இரும்புத் தகடு பொருத்தப்பட்டது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் தொழிலாளரின் நடமாட்டத்தை மேலும் சுருக்கின. தோட்டத்துக்கு வெளியே போக வேண்டியவர்கள், பிரபெட் சாப்பு எனப்பட்ட உரிமமில்லா வாடகைக் கார்களை நம்பினார்கள். ஐந்தாறு பேர் நெருக்கியமர்ந்து ஆளுக்குச் சில காசு கொடுத்துப் பயணம் செய்த அந்தப் பழைய வண்டிகளில்தான், எந்த எஞ்சின் மேட்டில் திணறும், எது எரிபொருள் குறைவாகக் குடிக்கும் என்ற பேச்சைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்டிருப்பார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு கார் வாங்கிய முதல் தமிழ்த் தலைமுறை பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், தோட்ட மருத்துவ உதவியாளர்கள், கிராணிகள். ஈப்போவில் சிறு வணிகர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். புந்தோங் வட்டாரத்தில் கச்சாங் பூத்தே, அதாவது கடலை, முறுக்கு போன்ற நொறுக்குத்தீனி செய்து விற்ற எட்டயபுரம் பக்கத்துக் குடும்பங்கள், தலைச்சுமையில் தொடங்கிச் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிறகு வேனுக்கும் மாறிய வரலாறு, வாகனம் பிழைப்பின் கருவியாக வந்த வழியைக் காட்டுகிறது. இவர்களுக்கு வண்டி என்றால் அன்றாட வருமானம். அது ஒரு நாள் நின்றால் அந்த நாள் வியாபாரம் போயிற்று. நம்பகம் என்ற தகுதியைப் பேராக் தமிழர் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்ததன் வேர்களில் ஒன்று இங்கேயும் இருக்கிறது.

தினக்கூலிக்காரருக்குக் கார் எட்டாதிருந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. கடன் கிடைக்காததும் காரணம். வங்கி கேட்ட சம்பளச் சீட்டும் நிலையான வருமானமும் மரம் வெட்டுபவரிடம் இல்லை. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் கூலி இல்லை. ஈப்போவின் லஹாட் சாலைப் பக்கத்துச் செட்டியார் வட்டிக்கடைகள் நகையையோ நிலத்தையோ ஈடாகக் கேட்டன. எஞ்சியது கூட்டு எனப்பட்ட சீட்டு முறை: பத்துப் பதினைந்து பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, ஏலத்திலோ குலுக்கலிலோ ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. சீட்டு நடத்தியவர்கள் பணத்தோடு மறைவது பெருகியதால், மலேசிய நாடாளுமன்றம் 1971இல் இதே தமிழ்ப் பெயரைச் சட்டத்தின் தலைப்பிலேயே வைத்து கூட்டு நிதித் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் உறவுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் நடந்த சிறு சீட்டுகள் நின்றுவிடவில்லை, பல கார்களின் முன்பணம் அங்கிருந்தே வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்து அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சிறு சிறு தொகைகளாகச் சேர்த்துப் பெரிய சொத்தை அடையலாம் என்ற எண்ணம் தோட்டத் தொழிலாளரிடம் ஏற்கெனவே பழகியிருந்தது.

இந்தச் சூழலில் 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டம், கார் வாங்குவதன் விதிகளை எழுத்தில் வைத்தது. தவணைக் கொள்முதல் என்பது, பொருளை வாங்குபவர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டாலும், கடைசித் தவணை கட்டும்வரை அது கடன் கொடுத்த நிறுவனத்துக்கே சொந்தமாக இருக்கும் ஏற்பாடு. குறைந்தது பத்து சதவீத முன்பணம் கட்ட வேண்டும்; இரண்டு தவணைகள் அடுத்தடுத்துத் தவறினால்தான் நிறுவனம் வண்டியைப் பறிமுதல் செய்ய முன்வர முடியும், அதற்கும் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும்; பின்னர் வந்த திருத்தத்தின்படி, முக்கால் பங்குக்கு மேல் கட்டியாயிற்று என்றால் நீதிமன்ற ஆணையின்றி வண்டியைத் தொட முடியாது. இவை வாங்குபவரைக் காக்கும் பிரிவுகள். ஆனால் சட்டம் நெடுங்காலம் தடுக்காதிருந்த ஒன்று வட்டி கணக்கிடும் முறை. அப்போது வழங்கிய நேர்வட்டி முறையில், குறைந்துவரும் பாக்கிக்கு மாறாக, முதலில் வாங்கிய தொகை முழுவதற்குமே ஆண்டுதோறும் வட்டி போடப்பட்டது. 30,000 வெள்ளி (ரிங்கிட்) கடனுக்கு ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்றால், ஒன்பது ஆண்டுகளில் வட்டி 9,450 வெள்ளி. மாதத் தவணை ஏறத்தாழ 365 வெள்ளி. கேட்கக் குறைவாகத் தோன்றும் அந்த 3.5, குறையும் பாக்கியின்மேல் கணக்கிட்டால் 6 சதவீதத்துக்கு மேல் வரும்.

இதைவிடச் சிக்கலானது, கடனை முன்கூட்டியே அடைக்க வந்தவருக்கு நேர்ந்தது. எழுபத்தெட்டு விதி என அழைக்கப்பட்ட கணக்கின்படி, பன்னிரண்டு மாதக் கடனின் முதல் மாதத்துக்கு மொத்த வட்டியில் 12/78 பங்கும், இரண்டாம் மாதத்துக்கு 11/78 பங்கும், கடைசி மாதத்துக்கு 1/78 பங்கும் சேரும். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78 வருவதால் இந்தப் பெயர். ஒன்பதாண்டுக் கடனில் இதைப் போட்டுப் பார்த்தால், பாதிக் காலம் முடிந்திருக்கும்போதே வட்டியின் முக்கால் பங்கு எடுக்கப்பட்டிருக்கும். வேலை ஓய்வில் கிடைத்த ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு மகனின் கார்க் கடனை அடைத்துவிடலாம் என்று எண்ணிய தந்தை, எதிர்பார்த்த தள்ளுபடி கிடைக்காமல் திகைத்தது இதனால்தான். குடும்பத்தில் கணக்குத் தெரிந்த ஒருவரை, பெரும்பாலும் ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ, கடைக்கு அழைத்துப் போகும் வழக்கத்தைச் சிக்கனத்தின் அடையாளமாகச் சிலர் பார்த்தனர். ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் அவர் என்பதே உண்மை.

ஜாமீன் நின்றவரின் நிலை இன்னும் இக்கட்டானது. கடன்காரர் தவறினால் நிறுவனம் ஜாமீன்தாரரிடம் வரும். 2001இல் மலேசிய மைய வங்கி எல்லா வங்கிகளின் கடன் விவரங்களையும் ஒரே பதிவேட்டில் சேர்த்த பிறகு, மருமகனின் கார்க் கடனுக்குக் கையெழுத்திட்ட மாமனுக்கு வீட்டுக் கடன் மறுக்கப்படும் சூழல் உண்டாயிற்று. ஆகவே ஜாமீன் கேட்கப்பட்டவர், வண்டியின் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டாலும், எஞ்சின் அளவையும் விலையையும் மறுவிற்பனை மதிப்பையும் பற்றிக் கறாராகப் பேசினார்.

1985ஆம் ஆண்டு பேராக்கின் கார் வரலாற்றில் தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு ஜூலை 9 அன்று பிரதமர் மகாதீர் முகம்மது, 1983இல் நிறுவப்பட்ட புரோட்டான் நிறுவனத்தின் முதல் காரான சாகாவை அறிமுகப்படுத்தினார். அது மித்சுபிஷியின் லான்சர் ஃபியோரே காரின் வடிவத்தில், 1.3 லிட்டர் எஞ்சினோடு ஷா ஆலாமில் தயாரானது. செப்டம்பரில் நியூயார்க்கில் ஐந்து பெரிய நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாட்டால் ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஜப்பானியக் கார்கள் விலை ஏறின, ஜப்பானிலிருந்து வந்த சாகாவின் உதிரிப் பாகங்களும் விலை ஏறின. அக்டோபர் 24 அன்று, வெள்ளீய விலையைத் தாங்கிப்பிடித்து வந்த அனைத்துலக வெள்ளீய மன்றம் தன் கடன்களைச் செலுத்த முடியாமல் நின்றது. வெள்ளீயத்தின் விலை வீழ்ந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உலகின் பெரிய வெள்ளீயச் சுரங்க நகரமாக இருந்த ஈப்போ, தன் பிழைப்பை இழந்த அதே ஆண்டில்தான் தேசிய கார் என்ற பொருளைப் பெற்றது.

தோட்டங்களிலும் அதை ஒட்டிய பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் பெரிய மாற்றம் நடந்தது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டது. பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நகரங்களுக்கு அருகிலிருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது என்பதால், வேலை போனதும் வீடும் போயிற்று. கோயிலும் பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருந்த வாழ்க்கை, மலிவு வீட்டுப் பகுதிகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் சிதறியது. சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், பத்து காஜா போன்ற இடங்களிலிருந்து ஈப்போவின் தொழிற்சாலைகளுக்கு இரவுமுறை வேலைக்குப் போனவருக்கு, அந்நேரத்தில் ஓடாத பேருந்தால் பயனில்லை. கப்சாய் எனப்பட்ட சிறு மோட்டார் சைக்கிள் தனி ஆளுக்குப் போதும். மழையில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்ற முடியாது. படித்த பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட நிலையில், தீபாவளிக்கு ஊர் திரும்பவும் கார் வேண்டியிருந்தது. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டபோது அந்தப் பயணம் எளிதாயிற்று, சுங்கக் கட்டணமும் சேர்ந்தது. சம்பந்தனுக்குப் பின் 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எஸ். சாமிவேலு, நெடுங்காலம் பொதுப்பணி அமைச்சராக இருந்து இந்தச் சாலைகளோடு தம் பெயரைப் பிணைத்துக்கொண்டவர். தோட்டத் தமிழரின் பிரதிநிதி நெடுஞ்சாலை அமைச்சராகவும் இருந்த பொருத்தம், அவர்கள் குடியிருப்பை இழந்து சாலைக்கு வந்த காலத்தோடு ஒத்துப்போனது என்பதைக் கசப்பின்றிக் குறிப்பிடுவது கடினம்.

அந்தச் சாலையில் ஓட வந்தது கஞ்சில். பெரோடுவா நிறுவனம் 1994 ஆகஸ்டில் விற்பனைக்கு விட்ட இந்தச் சிறு கார், டைஹாட்சு மீரா காரின் அமைப்பில், மூன்று சிலிண்டர் 660 சிசி எஞ்சினோடு ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் தயாரானது. சாகா வாங்கிய தலைமுறைக்கும் கஞ்சில் வாங்கிய தலைமுறைக்கும் இடையே பல குடும்பங்களில் விவாதம் எழுந்தது. கனமான கதவும் அகலமான பின்னிருக்கையும் கொண்ட காரே கார் என்று மூத்தவர்கள் கருதினார்கள். நெடுஞ்சாலையில் லாரி கடந்துபோகும் காற்றில் கஞ்சில் ஆடும் என்றார்கள். இளையவர்கள் பெட்ரோல் செலவையும் சாலை வரியையும் எடுத்துக் காட்டினார்கள். மலேசியத் தீபகற்பத்தில் தனியார் காருக்கான சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவது: 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,201 முதல் 1,400 சிசி வரை 70 வெள்ளி, 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி, அதற்கு மேல் 200 வெள்ளியில் தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் கூடுதலாக ஏறும். மூத்தவர்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. விபத்தில் சிறு காரின் தகடு எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியைக் கணக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் எழுப்பவில்லை. ஆனாலும் மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவிட்ட குடும்பங்களில் 20 வெள்ளிக் கணக்குதான் வென்றது.

நம்பகம் என்ற தகுதியைப் பேராக்கில் எஞ்சினின் தரத்தை மட்டும் கொண்டு அளக்கவில்லை. வண்டி பழுதாகும் என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பழுதானால் யார் சரிசெய்வார், பாகம் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பதே கேள்வி. ஃபோர்மேன் என்று அழைக்கப்பட்ட பட்டறை மெக்கானிக், பெரும்பாலும் சீனர், சில இடங்களில் தோட்டத்து லாரிகளில் தொழில் கற்ற தமிழர், எந்த வண்டியைக் கையாளத் தெரிந்தவரோ அந்த வண்டி நல்ல வண்டி ஆயிற்று. சாகாவும் அதன் வழிவந்த ஈஸ்வராவும் டாக்சிகளாக ஓடியதால் அவற்றின் பாகங்கள் எங்கும் கிடைத்தன, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளிலும் மலிந்தன. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்பட்ட பழைய கார்களின் முன்பகுதி, அதாவது ஹாஃப்கட், மித்சுபிஷி எஞ்சினைப் புரோட்டானுக்குள் பொருத்தும் வழியைத் திறந்துவிட்டது. ஐரோப்பியக் கார்கள் ஓடும்போது சுகமாக ஓடும், நின்றால் பணம் கறக்கும் என்ற தீர்ப்பு, பாகத்துக்குக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அயல்நாட்டுக் கார்களின் மீது இறக்குமதித் தீர்வையும் கலால் தீர்வையும் சேர்ந்து விலையை ஏற்றியதால், புதிய கார் வாங்கும் சாதாரண குடும்பத்தின் தேர்வு இரண்டு தேசிய நிறுவனங்களுக்குள்ளேயே முடிந்தது. புதிது வாங்குவதா, பழைய ஜப்பானிய வண்டி வாங்குவதா என்பதே எஞ்சிய வாதம்.

பழைய வண்டியில் வேறுவகை ஆபத்து. 1994இல் அமைக்கப்பட்ட புஸ்பாகோம் பரிசோதனை நிலையத்தில் சோதித்த பிறகே உரிமை மாற்றம் செய்ய வேண்டும் என்ற விதி, எஞ்சின் எண்ணை அழித்த திருட்டு வண்டிகளைக் குறைக்க உதவியது. எனினும் கடன் கிடைக்காதவர்களிடையே, மற்றொருவர் பெயரில் உள்ள வண்டியின் மீதித் தவணையைத் தான் கட்டிக்கொண்டு ஓட்டும் சம்போங் பாயார் எனும் சட்டத்துக்குப் புறம்பான ஏற்பாடு பரவியது. பெயர் ஒருவர், வண்டி ஒருவர், அபராதச் சீட்டு முதலாமவருக்கு. உறவுக்குள் நடந்தால் பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட இத்தகைய ஏற்பாடுகள், தவணை நின்றதும் உறவையே உடைத்தன.

2005இல் வந்த மைவி, 1.3 லிட்டர் எஞ்சினோடு சிறு கார், பெரிய கார் என்ற வாதத்தை ஓரளவு முடித்துவைத்தது. 2008 ஜூன் 5 அன்று ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஏறியதும், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கடையில் கேட்கும் முதல் கேள்வியாயிற்று. 2014இல் வந்த ஆக்சியா அந்தக் கேள்விக்காகவே செய்யப்பட்டது போலிருந்தது. புரோட்டான் 2003 முதல் பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிமில் இரண்டாவது ஆலையை நடத்திவருகிறது; 2017இல் அதன் 49.9 சதவீதப் பங்குகள் சீனாவின் கீலி நிறுவனத்திடம் சென்றன. நெடுங்காலம் பால்மரத்தை நம்பியிருந்த சிலிம் ரிவர், பேராங் வட்டாரங்களுக்கு மிக அருகில் இன்று புரோட்டான் கார்கள் தயாராகின்றன.

இப்புதிய கார்களின் கணினிக் கோளாறுகளைப் பழைய ஃபோர்மேனால் கேட்டுணர முடிவதில்லை. உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் பணிமனைக்கே போக வேண்டும் என்பதால், எஞ்சின் ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொன்ன மாமாவின் அறிவுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன இளைஞரிடம் வங்கி இன்றும் ஜாமீன் கேட்கிறது; உணவு கொண்டுசேர்க்கும் பணியில் சம்பளச் சீட்டு இல்லாமல் சம்பாதிப்பவரிடம் கட்டாயம் கேட்கிறது. கையெழுத்திட வந்த மாமா, சாகாவா ஆக்சியாவா என்று கேட்டபின், தவணையை ஒன்பது ஆண்டுக்கு இழுக்காமல் ஏழாண்டில் முடிக்கும்படி முன்பணத்தைக் கூட்டச் சொல்வதும், அந்தக் கூடுதல் முன்பணத்தில் ஒரு பகுதியைத் தாமே தருவதும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தொடர்ந்து நடந்துவருகின்றன.